சாவி யார் கையில்?

இளங்கன்று பயமறியாது என்பார்கள். கன்று துள்ளினால் வேலி சாயும். சாய்ந்த வேலியை மறுநாளே கட்டிக்கொள்ளலாம். மீசை அரும்பாத பையன் மோட்டார் சைக்கிளில் துள்ளினால் சாய்வது மனித உயிர். அதை மீட்க வழியே இல்லை.

அதே சாலையில் 70 வயதுப் பெரியவர் ஒருவர் ஸ்கூட்டரில் மெதுவாகப் போகிறார். பின்னால் வருகிறவர்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கிறார்கள். "இந்த வயதில் இவருக்கு வண்டி எதற்கு?" என்று முணுமுணுக்கிறார்கள். பையன் சீறிக்கொண்டு போகும்போது வியந்து பார்க்கும் அதே கண்கள், பெரியவர் தயங்கி நிற்கும்போது கோபத்தால் சிவக்கின்றன.

இந்த இருவரில் யார் கையில் வண்டி இருப்பது அதிக ஆபத்து? யாரைத் தடுக்க வேண்டும்? யாரைச் சோதிக்க வேண்டும்?

வேடிக்கைப் பேச்சுக்கு உரிய கேள்வி அல்ல இது. மும்பையிலும் புனேயிலும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பேரனும் தாத்தாவும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். தவணையில் வாங்கிய ஒரே ஒரு ஸ்கூட்டரின் சாவி கதவோரத்து ஆணியில் தொங்குகிறது. அப்பா விடிந்ததும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிவிடுகிறார். இரவு எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோதான் திரும்புகிறார். இடையில் அந்தச் சாவி யார் கைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஏதாவது நடந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அவர்தான்.

கணக்கு சொல்வது என்ன?

இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் 4 லட்சத்து 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலை விபத்துகள் நடந்தன. 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் மாண்டனர். இது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு. 2023-ல் மாண்டவர்கள் தொகை 1 லட்சத்து 72 ஆயிரத்தைத் தாண்டியது.

2022-ல் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். 18 வயது நிரம்பாதவர்கள் மட்டும் 9,500 பேருக்கு மேல். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். சாவுகளில் நூற்றுக்கு 70-க்கு மேல் அளவுக்கு மீறிய வேகத்தால் நேர்ந்தவை.

இது இறந்தவர்களின் வயது. வண்டி ஓட்டியவர்களின் வயதையும், அவர்கள் ஓட்டிய தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும். அமெரிக்காவில் அப்படிக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தூரம் ஓட்டும்போது, 20 வயதைத் தாண்டியவர்களைவிட 16 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் ஏறக்குறைய 3 மடங்கு உயிர்ப்பலி விபத்துகளில் சிக்குகிறார்கள்.

முதியவர்கள் கதை வேறு. 60 வயதில் விபத்து கூடிவிடுவதில்லை. 70-ஐத் தாண்டிய பிறகே மெல்ல ஏறத் தொடங்குகிறது. 80-ஐத் தாண்டினால் வேகமாக ஏறுகிறது. ஆனால் அதிலும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதியவர் உடம்பு அடி தாங்காது. இளைஞன் கட்டுப்போட்டுக்கொண்டு வீடு திரும்பும் விபத்தில் முதியவர் உயிர் போய்விடுகிறது. அதனால்தான் சாவுக் கணக்கில் முதியவர் பங்கு கூடித் தெரிகிறது. அவர் செய்த தவறு பெரிது என்று அதற்குப் பொருள் இல்லை.

சுருங்கச் சொன்னால், பையன் ஓட்டும் வண்டி அவனுக்கும், உடன் வருபவனுக்கும், எதிரே வருபவருக்கும் ஆபத்து. முதியவர் ஓட்டும் வண்டியால் பெரும்பாலும் ஆபத்து அவருக்கே. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நியாயம் ஆகாது.

இரண்டு குறை, இரண்டு மருந்து

பையனுக்குக் கண் நன்றாகத் தெரியும். காது நன்றாகக் கேட்கும். கை கால் மின்னல் வேகத்தில் இயங்கும். இல்லாதது நிதானம். எதிரே வரும் லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பதற்குப் பழக்கம் வேண்டும். பழக்கம் வரும்முன்பே துணிச்சல் வந்துவிடுகிறது. பின்னால் ஒரு நண்பன் உட்கார்ந்துவிட்டால் அந்தத் துணிச்சல் இரண்டு மடங்கு ஆகிறது. இருவர் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களே மிகவும் ஆபத்தானவை என்பது எல்லா நாட்டு அனுபவமும் ஆகும். நேரம் இரவாகவும், பின்னால் நண்பர்களாகவும் இருந்துவிட்டால் ஆபத்து உச்சத்துக்குப் போகிறது.

முதியவரிடம் நிதானம் இருக்கிறது. அவர் இருட்டில் போவதைத் தானே தவிர்ப்பார். மழை வந்தால் ஓரமாக நிறுத்திவிடுவார். குறை அவர் உடம்பில் இருக்கிறது. கண்ணில் புரை விழுந்திருக்கும். எதிர்வண்டி விளக்கு பட்டால் சில விநாடிகள் ஒன்றுமே தெரியாது. கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. நாற்சந்தியில் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரையால் திடீரென்று தலை சுற்றலாம்.

ஆகவே மருந்தும் வேறு வேறு. பையனுக்கு மருந்து காலம். அவன் காத்திருக்க வேண்டும். முதியவருக்கு மருந்து சோதனை. அவரை அவ்வப்போது உண்மையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். பையனுக்குக் கண் சோதனை செய்து பயன் இல்லை. முதியவரைக் காத்திருக்கச் சொல்லியும் பயன் இல்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன செய்கிறது? இரண்டு மருந்தையும் பாதி பாதியாகக் கொடுக்கிறது.

அப்பாவுக்குச் சிறை

18 வயது நிரம்பாதவர் கியர் வைத்த மோட்டார் சைக்கிளையோ காரையோ ஓட்டக் கூடாது. 16 வயது நிரம்பினால் 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்சு உண்டு. இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 சி.சி., 125 சி.சி. வண்டிகள். கியர் இல்லையே என்று அதைப் பள்ளி மாணவனிடம் கொடுப்பதும் சட்டப்படி குற்றமே.

2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 199-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், அவனுடைய பாதுகாவலரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளி ஆகிறார். 3 ஆண்டு வரை சிறை. 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தச் சிறுவன் 25 வயது வரை லைசென்சு வாங்க முடியாது.

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்று சொன்னால் மட்டும் போதாது. அப்பாவின் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்றே நீதிமன்றம் கருதும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுகிறது. கதவோரத்து ஆணியில் சாவியைத் தொங்கவிட்டவர் எதை வைத்து நிரூபிப்பார்?

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. அது நடைமுறைக்கு வருவது எப்போது? உயிர் போன பிறகு.

2024-ம் ஆண்டு மே 19-ந் தேதி அதிகாலை புனே நகரம் கல்யாணி நகரில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார் ஒன்று, மோட்டார் சைக்கிளில் சென்ற இளைஞர் ஒருவர் மீதும் இளம்பெண் ஒருவர் மீதும் மோதியது. இருவரும் 24 வயது எஞ்சினீயர்கள். வெளி மாநிலத்தில் இருந்து வேலைக்காகப் புனேக்கு வந்தவர்கள். இருவரும் உயிர் இழந்தனர். சில மணி நேரத்திலேயே சிறுவனுக்கு ஜாமீன் கிடைத்தது. சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. நாடே கொதித்தது. பிறகு தந்தை கைதானார். இரத்த மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்று போலீசார் குற்றம் சாட்டினர்.

பிழைப்பைத் தேடி வெளி மாநிலத்துக்கு வந்த இரண்டு பிள்ளைகளின் உடலைப் பெற்றோர் வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தப் பத்தியைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த வேதனை புரியும்.

புனேயில் நடந்தது பணக்கார வீட்டுக் கதை என்று தள்ளிவிடுவோர் உண்டு. பணக்காரர் வழக்கறிஞர்களை அமர்த்துவார். பெரிய நீதிமன்றம் வரை போவார். குமாஸ்தா என்ன செய்வார்? மில்லிலும் பட்டறையிலும் உழைக்கிறவர் என்ன செய்வார்?

நஷ்ட ஈடு என்று ஒன்று இருக்கிறது. லைசென்சு இல்லாதவன் ஓட்டிய வண்டியால் ஒருவர் இறந்தால், இன்சூரன்சு கம்பெனி முதலில் இறந்தவர் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கின்றன. பல லட்சம் ரூபாய். ஊரில் கட்டிய வீடு போகும். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் போகும். வருங்கால வைப்பு நிதியும் போதாமல் போகும். "டியூசனுக்கு நேரமாகிறது, ஸ்கூட்டரில் போய்விட்டு வா" என்று சொன்ன ஒரு சொல்லுக்கு இத்தனை விலை.

22 ஆண்டு கேள்வி இல்லை

18 வயது நிரம்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை.

பழகுநர் லைசென்சு வாங்கி 30 நாள் ஆனால் முழு லைசென்சுக்கு மனுச் செய்யலாம். ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினால் கையில் லைசென்சு வந்துவிடும். அது 40 வயது வரை செல்லும். அதாவது 18 வயதில் லைசென்சு வாங்கிய இளைஞனை அதற்குப் பிறகு 22 ஆண்டுகளுக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. நேற்று வரை சைக்கிளில் போனவன் இன்று நள்ளிரவில், மூன்று நண்பர்களோடு, நெடுஞ்சாலையில் காரை எவ்வளவு தூரமும் ஓட்டிப் போகலாம்.

நியூசிலாந்து நாடு 1987-ம் ஆண்டிலேயே இதற்கு வழி கண்டது. அங்கே லைசென்சு படிப்படியாகத்தான் கிடைக்கும். முதலில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அடுத்த படியில் தனியாக ஓட்டலாம். ஆனால் இரவு நேரத்தில் ஓட்டக் கூடாது. நண்பர்களை ஏற்றிக்கொள்ளக் கூடாது. ஒழுங்காக ஓட்டிக் காட்டிய பிறகே முழு லைசென்சு. இளைஞனுக்கு எது ஆபத்தோ, அதை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் ஏற்பாடு இது. அமெரிக்க மாநிலங்களும் இதைப் பின்பற்றின. இளம் ஓட்டுநர்கள் சாவு குறைந்தது. இந்தியாவில் இதைக் கொண்டுவர என்ன தடை? சாலை போடுவது போல ஆயிரம் கோடி ரூபாய் செலவு பிடிக்கும் காரியமா இது?

வண்டிக்கு வயது உண்டு

முதியவர் பக்கம் வருவோம்.

மும்பையின் அடையாளமாக விளங்கிய பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு சாலையில் இருந்து விடைபெற்றன. இங்கே டாக்சிக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. வண்டி கிழடாகிவிட்டால் ஓட்டக் கூடாது. ஆனால் ஓட்டுகிறவருக்கு இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் உச்ச வரம்பு எதுவும் இல்லை.

வரம்பு இல்லாதது தவறு என்று சொல்லிவிட முடியாது. 75 வயதிலும் கண் கூர்மையாக இருப்பவர் உண்டு. 50 வயதிலேயே புரை விழுந்தவரும் உண்டு. பிறந்த தேதியைப் பார்த்துச் சாவியைப் பிடுங்குவது நியாயம் அல்ல. அதனால்தான் 55 வயதைத் தாண்டியவருக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும், வயதானவர்கள் மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

விதி நல்ல விதி. நடப்பது என்ன? ஆர்.டி.ஓ. ஆபீசு வாசலில் நிற்கும் ஏஜெண்டுகள் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். பணத்தைக் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட சான்று வந்துவிடுகிறது என்பது ஊரறிந்த இரகசியம். டாக்டர் முகத்தை மனுதாரர் பார்ப்பதில்லை. மனுதாரர் கண்ணை டாக்டர் பார்ப்பதில்லை. அந்தச் சான்று முதியவருக்குச் செய்யும் உதவி போலத் தோன்றுகிறது. உண்மையில் அது அவருக்குச் செய்யும் துரோகம். பத்து நிமிடம் உண்மையாகச் சோதித்திருந்தால், "ஐயா, உங்களுக்குப் புரை விழுந்திருக்கிறது. ஒரு சிறிய ஆபரேஷன் செய்துகொண்டால் பழையபடி பார்வை தெரியும்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். லைசென்சும் தங்கியிருக்கும். கண்ணும் பிழைத்திருக்கும்.

சோதனைக்கு முதியவர் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கூட்டரில் கோயிலுக்குப் போகும் பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டால் அவர் நடை மட்டும்தான் குறையும். ஆட்டோ ஓட்டும் 66 வயதுத் தொழிலாளி சாவியைக் கொடுத்துவிட்டால் அன்று மாலை அடுப்பு எரியாது. அவருக்குப் பென்சன் கிடையாது. பணிக்கொடை கிடையாது. மங்கலான கண்ணோடு இரவு பதினோரு மணிக்கும் அவர் சவாரி ஏற்றுகிறார் என்றால், அது ஆசை அல்ல, பசி. முதியோர் பாதுகாப்புப் பற்றிப் பேசுகிறவர்கள் முதியோர் பென்சனைப் பற்றியும் பேச வேண்டும். பேசாவிட்டால் போலிச் சான்று ஒழியவே ஒழியாது.

ஜப்பான் காட்டும் வழி

முதியவர்கள் நிறைந்த நாடு ஜப்பான். 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தலைநகர் டோக்கியோவில் 87 வயது முதியவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி, 31 வயதுத் தாயும் 3 வயதுப் பெண் குழந்தையும் பலியானார்கள். பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் என்பது வழக்கு. 2021-ல் அவருக்கு 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அங்கே 75 வயதைத் தாண்டியவர் லைசென்சைப் புதுப்பிக்கும்போது ஞாபக சக்தி, கவனம் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். தாமாக முன்வந்து லைசென்சை ஒப்படைப்போருக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதைக் காட்டினால் பல ஊர்களில் பஸ்சிலும் டாக்சியிலும் கட்டணச் சலுகை உண்டு. 2019-ல் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் தாமாகவே லைசென்சை ஒப்படைத்தார்கள். வண்டியை வாங்கிக்கொண்டு கைவிடாமல், மாற்று வழியையும் கையில் கொடுத்தார்கள். பெரியவர்களும் மானத்தோடு விலகிக்கொண்டார்கள்.

மராட்டிய அரசு 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 75 வயது நிரம்பியவர்களுக்கு எஸ்.டி. பஸ்சில் இலவசப் பயணம் அளித்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் மும்பை நகருக்குள் பெரியவர் ஏறுவது பெஸ்ட் பஸ். அந்தப் பஸ்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு மே மாதத்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயில் இருந்து 10 ரூபாய் ஆனது. அரை மணி நேரம் காத்திருந்தும் பஸ் வரவில்லை என்றால் பெரியவர் ஸ்கூட்டரைத்தான் எடுப்பார். மாணவனும் அதைத்தான் எடுப்பான். பஸ் குறையும் தெருவில் விபத்து பெருகும் என்பதை நகரத்தை ஆளுகிறவர்கள் உணர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க முடியாத காரியங்களும் இருக்கின்றன. அவை வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

18 வயது நிரம்பும் வரை பையனுக்கும் பெண்ணுக்கும் சாவி இல்லை என்பதை வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும். "பக்கத்துத் தெருவுக்குத்தானே", "எதிர் வீட்டுப் பையன் ஓட்டுகிறானே" என்ற வாதம் வேண்டாம். சாவியை ஆணியில் இருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். லைசென்சு வந்த பிறகும் முதல் ஓராண்டுக்கு இரவில் வண்டி இல்லை, பின்னால் நண்பர்கள் இல்லை என்று அப்பாவும் அம்மாவும் விதி வைக்கலாம். நியூசிலாந்து அரசு செய்ததைத் தாராவியில் ஒரு தாயும் செய்ய முடியும். ஹெல்மெட் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது என்பதும் அந்த விதியில் சேரட்டும். 2022-ல் ஹெல்மெட் அணியாமல் சென்று இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரம் பேர்.

பெரியவரிடம் அதிகாரம் பேசக் கூடாது. குடும்பத்தைச் சுமந்த கை அது. "உங்களுக்கு வயதாகிவிட்டது, சாவியைக் கொடுங்கள்" என்று நாலு பேர் எதிரில் சொன்னால் அவர் மனம் உடைந்துபோகும். வண்டியில் புதிதாகக் கீறல் விழுகிறதா, பழகிய வழியில் தடுமாறுகிறாரா, சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போகிறாரா என்று பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்தால், முதலில் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். "இருட்டிய பிறகு வேண்டாம் அப்பா, பகலில் போய் வாருங்கள்" என்று தொடங்கலாம். பிறகு, "மார்க்கெட்டுக்கு நான் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லலாம். சொன்னபடி கூட்டிப் போகவும் வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டு, அழைத்துப் போகவும் நேரம் இல்லாத பிள்ளை, தந்தையை வீட்டுக்குள்ளேயே சிறை வைக்கிறான்.

இளையவன் காத்திருப்பது அவமானம் அல்ல. இன்னும் இரண்டு ஆண்டில் அந்தச் சாவி அவன் கைக்கு எப்படியும் வரப்போகிறது. பெரியவர் விட்டுக்கொடுப்பதும் தோல்வி அல்ல. முப்பது நாற்பது ஆண்டு விபத்து இல்லாமல் ஓட்டியவர் கௌரவத்தோடு கைமாற்றிக் கொடுக்கும் சொத்து அது. இருவருக்கும் நடுவே நிற்கிறவர் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வரும் அப்பா. ஸ்கூட்டரின் தவணையைக் கட்டுகிறவர் அவர். நீதிமன்றத்தில் கை கட்டி நிற்க நேர்ந்தால் நிற்க வேண்டியவரும் அவர்.

இன்று இரவு வீடு திரும்பியதும் அவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆணியை. சாவி அங்கே தொங்கினால், அதற்குச் சரியான இடத்தை இன்றே தேட வேண்டும்.